பெட்டிக்குள் ஒரு பொட்டு

ஒளிக்குச் சத்தம் உண்டு. சுங்கை வேயில் நம் ஆய்வகத்தின் மாடியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அதை முதல் நாளே கேட்டிருப்பீர்கள். மேசை ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஓர் ஒலிபெருக்கி இருக்கிறதே, உணர்கருவிக்குள் ஒளித்துகள் விழும்போது ‘டிக்’ என்று சொல்லுமே, அது. எல்லாவற்றையும் சொல்லவிட்டால் இரைச்சலாகிவிடும் என்பதால் நூற்றுக்கு ஒன்றை மட்டும் சொல்லும்படி வைத்திருக்கிறோம். ஒரு டிக். பிறகு கொஞ்சம் மௌனம். பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல். பெய்யலாமா வேண்டாமா என்று மழை தகரக் கூரையின் மேல் நின்று யோசிக்கிற சத்தம்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில், கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். கீழே பூக்கடை வாசல். அதைத் தாண்டிச் சாலை. அதையும் தாண்டி ரயில்கள் வருவதும் போவதும். எதைப் பார்த்தாலும் காதுக்குள் அந்த டிக். பிரிவு விருந்தன்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: “அண்ணே, போறதுக்கு முன்னாடி ஒரு அட்வைஸ் சொல்லிட்டுப் போங்க லா.” என் வாயில் கேசரி இருந்தது. தப்பித்தேன். விழுங்கி முடித்து மாதங்களாகியும் கேள்வி தொண்டையிலேயே நிற்கிறது. இனி எழுதித்தான் தீர வேண்டும்.

நான் ஒரே இடத்தில் உட்காரத் தெரியாதவன். முதல் பத்து வருடம் ஆண்டெனாக்களோடு கோபுரம் கோபுரமாக ஏறினேன். பிறகு வீடுகளுக்குள் இறங்கினேன். கடைசியாக ஒற்றை ஒளித்துகள்களிடம் வந்து சேர்ந்தேன். பெரியதிலிருந்து சிறியதுக்கு, சிறியதிலிருந்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியாததுக்கு.

செமினி என்ற ஊரில் நடந்ததை முதலில் சொல்கிறேன், சின்னது. அப்போது வீட்டு வலையமைப்புகளில் இருந்தேன். விளக்கு, மின்விசிறி, கதவு, தண்ணீர்க்குழாய் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வீடு. சோதனைக்காகத் தன் வரிசை வீட்டை விட்டுக்கொடுத்திருந்தார் ஓர் ஆன்டி. நாளில் பெரும்பகுதி அந்த வீட்டில் எதுவும் எதனோடும் பேசாது. உணர்கருவிகளை மாற்றினோம். மென்பொருளை மாற்றினோம். பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டோம். ஆன்டிக்கு மட்டும் கவலையே இல்லை.

“காலையில கொஞ்ச நேரம், சாயந்திரம் கொஞ்ச நேரம் அருமையா வேலை செய்யுதுப்பா. சாமி கும்பிடுறப்ப மட்டும்,” என்றார் பெருமையாக.

“அப்படியா ஆன்டி?”

“பின்ன? சொன்னா நம்ப மாட்டீங்க. படிச்சவங்க.”

சிரித்துக்கொண்டே காடியில் ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டின் ரௌட்டர் எங்கே என்று முதல் நாள் கேட்டபோது ‘உள்ளதான் இருக்கு’ என்றார்கள்; எழுதிக்கொண்டோம். அந்த ‘உள்ள’ என்பது சாமி அலமாரி. இருப்பதிலேயே பத்திரமான இடம் என்று அவர் மகன் பித்தளைத் தகடு அடித்த கதவுக்குப் பின்னால் அதை வைத்திருந்தான். பூஜைக்குக் கதவு திறக்கும், வீடு பேசும். கதவு மூடும், வீடு ஊமையாகும். ஆன்டி சொன்னது வரிக்கு வரி உண்மை. அந்த அலமாரிக்கு எதிரே எத்தனை முறை நின்றிருக்கிறேன். மதியம் கறி சாப்பிட்டிருந்தேன், தொடக் கை வரவில்லை. கை கூப்பிய இடத்தில் கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டேன்.

அன்றே அதை முழுதாகப் புரிந்துகொண்டிருந்தால் ஷாமினிக்கு அந்த மூன்று வாரம் வந்திருக்காது.

ஷாமினி கிள்ளானிலிருந்து கம்யூட்டர் ரயிலில் வருவாள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டுபவரின் மகள். ஒப்பந்த ஆய்வு உதவியாளர். எங்கள் பெட்டியில் எடுக்கும் அளவுகளை வைத்தே முனைவர் பட்டத்துக்கும் எழுதிக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் நீண்டால் பெட்டி இருக்கும். பெட்டி இருந்தால் பட்டம் இருக்கும். நீளாவிட்டால் இரண்டும் ஒரே நாளில் போய்விடும். நீட்டலாமா என்று எழுதிக்கொடுக்க வேண்டியவன் நான்.

பெட்டிக்குள் நடப்பது இதுதான். ஓர் ஊதா லேசர் படிகம் ஒன்றுக்குள் போகிறது. எப்போதாவது ஓர் ஊதாத் துகள் உள்ளே உடைந்து, கண்ணுக்குத் தெரியாத ஆழ்சிவப்பில் இரண்டாகப் பிறக்கிறது. இரட்டைப் பிள்ளைகள். ஒன்று இந்த உணர்கருவிக்குப் போகும், மற்றது அந்த உணர்கருவிக்கு. இரண்டும் ஒரே கணத்தில் டிக் என்றால் இரட்டையர் என்று எழுதிக்கொள்வோம். யாராலும் முன்கூட்டியே ஊகிக்க முடியாத அந்தப் பிறப்புகளிலிருந்து வீட்டு வலையமைப்புகளுக்குச் சாவி செய்துவிடலாம் என்பது எங்கள் கனவு. ஆனால் வேறு ஏதாவது வெளிச்சம் உள்ளே கசிந்தால், சம்பந்தமே இல்லாத இரண்டு துகள்கள் தற்செயலாக ஒரே நேரத்தில் வாசலில் வந்து நின்று, கூடப் பிறந்தவர்கள்போல் நடிக்கும். போலி ஜோடிகள். அவை கூடினால் அளவுகள் கெட்டுவிடும்.

அதனால் எல்லாவற்றையும் கறுப்புப் பெட்டிக்குள் மூடிவைப்போம். மூடிய பிறகுதான் உணர்கருவிக்கு உயிர் கொடுப்போம். திறப்பதற்கு முன் அணைத்துவிடுவோம், அறை விளக்கு பட்டால் அது கருகிவிடும். பெட்டிக்குள் எதைத் தொட்டாலும், ஒரு திருகை அரைச் சுற்றுத் திருப்பினாலும், பதிவேட்டில் எழுத வேண்டும். இந்த ஒழுங்கை ஏற்படுத்தியவன் நான். அதில் ஓர் ஓட்டை இருந்தது. பெட்டி திறந்திருந்தால் அறையில் விளக்கு எரியும். விளக்கு அணைந்திருந்தால் பெட்டி மூடியிருக்கும். லேசர் எரியும்போது, இருட்டில், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு மனிதக் கண்கூடப் பார்த்ததில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. கீழ்த்தளப் பட்டறையில் வருடா வருடம் நடக்கும், உங்களுக்குத் தெரியும். கடைசல் இயந்திரத்துக்கு மாலை, துளைப்பான்களுக்குப் பொட்டு, லோரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். சீனக் கிடங்குக்காரர் தன் ஃபோர்க்லிஃப்டைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்துவார். “போன வருஷம் பொட்டு சின்னதா வெச்சீங்க, ரெண்டு தடவை பஞ்சர். இந்தத் தடவை பெருசா போடுங்க லா, பாஸ்,” என்பார். மலாய் நண்பர்கள் சுண்டலுக்கு வரிசை கட்டுவார்கள். கற்பூர வாசம் மாடிப்படி ஏறி வரும்.

நானும் அந்த வாசத்தோடு மாடி ஏறினேன். விரல் நுனியில் மஞ்சளும் சந்தனமும் குழைத்தது மிச்சம் இருந்தது. மாடியில் யாருமில்லை. பெட்டி திறந்திருந்தது, எல்லாம் அணைந்திருந்தது. இவ்வளவு நாள் எனக்கு இரட்டையர்களைப் பெற்றுத் தந்த படிகம் தன் சின்ன உலோகத் தாங்கியில் நின்றுகொண்டிருந்தது. கீழே ஃபோர்க்லிஃப்டுக்குக்கூடப் பொட்டு உண்டு. இதற்கு இல்லையா?

நான் பொறியாளன், யோசிக்காமல் வைக்கவில்லை. குங்குமம் தூள், உதிரும், கண்ணாடிகளில் படியும், வேண்டாம். விபூதியும் அப்படியே. குழைத்த மஞ்சள் காய்ந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், உதிராது. தாங்கிக்குப் பின்னால் ஒரு மூலையில் லேசர் போகாத இடமாகப் பார்த்து, அரிசி மணி அளவுக்கு ஒரு பொட்டு. அவ்வளவு கணக்காக வைத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. பொட்டு வைத்ததை யார் பதிவேட்டில் எழுதுவார்கள்?

அடுத்த திங்கட்கிழமை ஷாமினி இரட்டையர்களைக் கூட்டுவதற்காகப் படிகத்தைச் சற்றே திருப்பினாள். எழுதியும் வைத்தாள். அன்று மாலையே போலி ஜோடிகள் பெருகின.

முதல் வாரம் சேர்ந்து தேடினோம். கறுப்புத் துணியை மாற்றினோம், பெட்டியின் இடுக்குகளை ஒட்டினோம், புதிய வடிகட்டி போட்டோம். சத்தம் குறையவில்லை. இரண்டாம் வாரம் நான் தேடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்க்க ஆரம்பித்தேன். அது எப்படி நடந்தது என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. கண் தானாகத் திரும்பிக்கொண்டது.

“நீ கை வச்ச நாளிலேர்ந்துதான் இது,” என்றேன்.

“தெரியும்ணே. ஆனா நான் திருப்பினதை மறுபடி பழையபடி வச்சுப் பாத்தேன், குறையுது. திருப்பினா ஏறுது.”

“அப்ப உன் திருப்பத்துலதான் கோளாறு.”

“இல்லண்ணே, சத்தத்தைக் கேளுங்க.” ஒலிபெருக்கியைக் கூட்டினாள். “சரியா சீரமைக்கலேன்னா சத்தம் குறையும். இது கூடுது. வேற யாரோ உள்ள இருக்காங்க.”

“யாரு, ஆவியா?”

“நீங்க கிண்டல் பண்ணுங்க. இது வேற மழை.”

நான் சொன்னேன்: “ஷாமினி, பெட்டிக்குள்ள என்னமோ பண்ணியிருக்கே. எழுத மறந்துட்டே. யோசிச்சுப் பாரு.”

அவள் பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அந்த வாரம் முழுக்க அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள், தான் செய்யாததைத் தேடி.

எங்கள் பிரிவுத் தலைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஈப்போவிலிருந்து வந்த சீனப் பெண்மணி. எல்லோருக்கும் ‘டாக்டர்’. ஆங்கிலமும் மலாயும் கலந்து குறைவாகப் பேசுவார், தமிழில் தருகிறேன். மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை மதிப்பாய்வுக் கூட்டத்துக்கு முன்பாக, என் தாளை அவரிடம் கொண்டுபோனேன். போலி ஜோடிகளின் எண்ணிக்கையை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்தை அழகாக வரைந்திருந்தேன். ஊரில் எல்லோரும் செய்வதுதான், குற்றமில்லை.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா இருக்கு. கழிச்சது என்ன?”

“பின்னணி இரைச்சல், டாக்டர்.”

“அது எவ்வளவுன்னு சொல்ற வார்த்தை. என்னன்னு கேட்டேன்.”

“தெரியல.”

“அப்ப கழிக்காதீங்க. பேர் தெரிஞ்சதைக் கழிச்சா கணக்கு. பேர் தெரியாததைக் கழிச்சா ஒளிச்சு வைக்கிறது.” தாளைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஷாமினியின் மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்த்தார். அவள் பெயருக்கு எதிரே நான் எழுதியிருந்தேன்: ‘பெட்டிக்குள் செய்ததைப் பதிவேட்டில் எழுதவில்லை. மூன்று வார வேலை வீணானது.’

“இதுக்குப் பேர் தெரியுமா?” என்று கேட்டார்.

“அவள் தொட்ட நாளிலிருந்துதான்…”

“நாள் மட்டும் தெரியும்னு சொல்றீங்க.” கையெழுத்துப் போடவில்லை. “நாளைக்குக் கூட்டம். அது வரைக்கும் உங்க கையிலேயே இருக்கட்டும்.”

அன்றே, வியாழக்கிழமை மதியம். மாடி ஏறும்போது பார்த்தேன், மேகம் பெட்டாலிங் ஜெயா பக்கமிருந்து எருமைக் கூட்டம்போல் மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஷாமினி உணர்கருவிகளை அணைத்து, பெட்டியைத் திறந்து, லேசரைக் குறைத்து எரியவிட்டு, ஒவ்வொரு கண்ணாடியாகக் கடைசி முறை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால் நின்றேன். உதவ நிற்கவில்லை, அவள் எழுதாத எதையாவது செய்கிறாளா என்று பார்க்க நின்றேன். இருவரும் செம்மஞ்சள் நிற லேசர் கண்ணாடி போட்டிருந்தோம். அது ஊதாவை மட்டும் நிறுத்தும், மற்றதையெல்லாம் விட்டுவிடும்.

இடி ஒன்று விழுந்தது, எங்கோ மிகப் பக்கத்தில். விளக்குகள் போயின. குளிர்சாதனத்தின் மூச்சு நின்றது. லேசர் மட்டும் தன் மின்கலத்தில் எரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும், எங்கள் கண்ணாடிக்கு அது தெரியாது. ஜன்னலில்லாத அறை. வெளியே பட்டப்பகல், உள்ளே முதல் நாளுக்கும் முந்திய இருட்டு. மேலே கூரையில் மழை பிடித்துக்கொண்டது.

அந்த இருட்டில் ஒன்று ஒளிர்ந்தது.

இளமஞ்சள் பச்சை. அரிசி மணி அளவு. ஆடவில்லை, மினுக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடக் காத்திருப்பதுபோல் அப்படியே நின்றது. கோலசிலாங்கூர் ஆற்றங்கரை மரங்களில் ஆயிரம் மின்மினிகளைப் பார்த்திருக்கிறேன். ஒற்றை மின்மினி அவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது.

“அண்ணே,” ஷாமினியின் குரல் தாழ்ந்திருந்தது. “உள்ள மின்மினி பூந்துருச்சா?”

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மஞ்சள் என்பது ஊதா வெளிச்சத்தைக் குடித்துத் தன் நிறத்தில் திருப்பித் தரும். படித்ததுதான், பாடம் எடுத்ததுதான். அவள் படிகத்தைத் திருப்பியபோது அதிலிருந்து தெறித்த மெல்லிய ஊதா, லேசர் போகாத அந்த மூலைக்குப் போயிருக்கிறது. மஞ்சளின் ஒளி நீண்டு சிவப்பு வரை வால் விடும். துகள் துகளாக எண்ணும் கருவிக்கு அந்த வாலின் நுனி போதும்.

இவ்வளவும் ஒரு நொடியில் தெரிந்தது. அடுத்த நொடி நான் சொன்னது இது: “தூசியா இருக்கும்.”

“தூசி இப்படியா எரியும்?”

“ஏதாவது நார் துண்டு…”

விளக்கு வந்தது. வந்ததும் மின்மினி காணாமல் போய், தாங்கியின் முதுகில் காய்ந்த ஒரு மங்கல் புள்ளி மட்டும் இருந்தது. ஷாமினி அதைப் பார்க்கக் குனிந்தாள். அவள் முகத்தில் மூன்று வாரத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. “இதுதாண்ணே! இதுதான் அந்த வேற மழை! இருங்க, கீழ போயி ஆல்கஹாலும் தாளும் எடுத்துட்டு வரேன்.” படிகளில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது.

நானும் பெட்டியும் தனியாக இருந்தோம்.

உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. என் கட்டைவிரல் போனது. எச்சில் தொட்டுத் துடைத்தால் அரை நிமிடம். அவள் வரும்போது, ‘நானே துடைச்சிட்டேன், மூடு, ஓட்டிப் பாரு’ என்று சொல்லியிருக்கலாம். அளவுகள் சரியாகியிருக்கும். வெள்ளிக்கிழமை எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். ஒளித்துகள் ஆராய்ச்சியாளன் பெட்டிக்குள் மஞ்சள் பூசினான் என்று உணவகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சிரிக்க வேண்டியிருக்காது. அதுதான் என் பயம், வேறொன்றுமில்லை. எங்கள் பூஜைக்கு வந்து சுண்டல் தின்ற அத்தனை பேரும் என்ன சொல்வார்கள் என்ற பயம்.

விரல் புள்ளியிலிருந்து ஓர் அங்குலத்தில் நின்றது. நிறுத்தியது நேர்மை என்று சொல்ல மாட்டேன். மனதில் வந்த ஒரு படம் நிறுத்தியது. துடைத்துவிட்டால் இரைச்சல் போய்விடும், காரணம் போகாது. அது ஷாமினியின் பெயரிலேயே தங்கிவிடும். அவள் கெடுத்ததை அண்ணன் சரி செய்தார் என்று ஆகும். அவளும் நம்புவாள். கிள்ளான் ரயிலில் உட்கார்ந்துகொண்டு, தான் என்ன எழுத மறந்தோம் என்று வருடக்கணக்காக யோசித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கும் முகம். அதுதான் என் விரலைப் பிடித்தது.

மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். தாளில் ஆல்கஹால் நனைத்துக் குனிந்தாள்.

“துடைக்காதே.”

“ஏண்ணே?”

“அது தூசி இல்ல. பொட்டு. நான் வச்சது.”

அவள் நிமிரவில்லை. குனிந்தபடியே என்னைப் பார்த்தாள்.

“எப்ப?”

“ஆயுத பூஜை அன்னிக்கு.”

“எழுதலையா?”

“எழுதல.”

அவள் தாளை மேசையில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் உயர்ந்தது.

“மூணு வாரம்ணே! மூணு வாரமா நான் சோறு தண்ணி இல்லாம அந்தப் புஸ்தகத்தைப் படிக்கிறேன். எனக்கு மறதி நோய் வந்துருச்சான்னு எங்கம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறாங்க. நீங்க இருட்டுல பாத்தவுடனே தெரிஞ்சிருக்கும்ல? தூசின்னு சொன்னீங்க!”

“சொன்னேன்.”

“ஏன் சொன்னீங்க?”

“பயம்.”

“உங்களுக்கா?” சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்து அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஒரு சின்னக் கறுப்பு நாடாத் துண்டை வெட்டினாள். “துடைக்க வேணாம். நீங்க சொல்றது சரி. துடைச்சா யாரு நம்புவா? மூடுவோம், திறப்போம்.”

அந்த யோசனை அவளுடையது. இதை உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

பொட்டின் மேல் நாடாவை ஒட்டினாள். பெட்டியை மூடினோம். உணர்கருவியை உயிர்ப்பித்தோம். டிக். மௌனம். டிக். வெளியே மழை கொட்ட, உள்ளே தூறல்கூட இல்லாத அமைதி. அணைத்து, திறந்து, நாடாவை எடுத்து, மறுபடி மூடினோம். சத்தம் பொழிந்தது. மறுபடி நாடா. அடங்கியது. ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி முறை அடங்கியபோது பதிவேட்டைத் திறந்து, ‘இரைச்சலின் மூலம்’ என்ற இடத்தில், ஆங்கிலப் பக்கம் முழுவதற்கும் நடுவில், தமிழில் எழுதினாள்: மஞ்சள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஏழு பேர். நான் எழுந்து சொன்னேன். ‘மஞ்சள்’ என்று சொன்னதும் யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பிறகு ஓரத்திலிருந்து யாரோ, “கறியிலயும் போடுறதா, அதுவா?” என்று கேட்டார். “அதேதான்,” என்றேன். அப்புறம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நான் இவ்வளவு பயந்த சிரிப்பு அல்ல. அதில் நான் எங்கேயும் குத்துப்படவில்லை. ஷாமினி ஐந்து முறையின் வரைபடத்தைக் காட்டினாள், ஏறி இறங்கி ஏறி இறங்கி, கோயில் கோபுர வரிசைபோல. டாக்டர் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப கழிக்கலாம்,” என்றார். “பேர் இருக்கு.”

பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளினார். மதிப்பீட்டை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். பேனாவை எடுத்தேன். எழுதியிருந்ததை மறுபடி படித்தேன். ‘பெட்டிக்குள் செய்ததைப் பதிவேட்டில் எழுதவில்லை. மூன்று வார வேலை வீணானது.’ ஒரு சொல் பிசகில்லை. அந்த வாக்கியத்தை நான் அடிக்கவில்லை. அதற்கு எதிரே இருந்த அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அவளுக்கு இன்னொரு படிவம் கேட்டு வாங்கினேன். அதில் என்ன எழுதினேன் என்பது வேண்டாம். டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் நீண்டது.

உணர்கருவியை அணைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, அறை விளக்கை நிறுத்தி, திறந்த பெட்டியை நூறு எண்ணும் வரை பாருங்கள் என்று உங்களை முதல் வாரமே படுத்துகிறார்களே, அந்த வழக்கம் இப்படித்தான் வந்தது. எண்ணும்போது அவசரப்படாதீர்கள். எழுபதுக்கு மேல்தான் கண் இருட்டுக்குப் பழகும். அதற்கப்புறம் உங்களுக்குத் தெரிவது தூசியாகவும் இருக்கலாம், உங்கள் கையாகவும் இருக்கலாம்.

கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் செரி செத்தியா ரயில் நிலையத்தில் நின்றோம். கிள்ளான் ரயிலுக்கு அவள் அந்த மேடையில், பிரிக்ஃபீல்ட்ஸ் போக நான் இந்த மேடையில், நடுவே ஈரத் தண்டவாளங்கள். அன்றும் பெய்த மழை விட்டிருந்தது. கம்பிகளிலிருந்து சொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன: ஒன்று, பிறகு ஒன்று, பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல். மூன்று வாரம் அவளிடம் பேசிய பேச்சுக்கெல்லாம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பக்கத்திலிருந்து கையை வாயருகே குவித்துக் கத்தினாள்.

“அண்ணே! அடுத்த வருஷமும் பொட்டு வைப்பீங்களா?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“வைப்பேன்,” என்றேன்.

“எங்க?”

“நீ சொல்ற இடத்துல.”

அவளுடைய ரயில் வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு. அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னாள்:

“உங்க நெத்தியில வைங்கண்ணே! அங்கதான் லேசர் வராது! வச்சிட்டு வந்து பதிவேட்டுல எழுதுங்க!”